நியூ ஜெர்சியில் பிள்ளை பெற்றால் சம்பளம் யார் தருவார்கள்?

கேள்வி: 13 செப்டம்பர் 2025

கோவையிலிருந்து எழுதுகிறேன். மகள் நியூ ஜெர்சியில் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறாள். ஏழாம் மாதம். நவம்பர் கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். எனக்கும் மனைவிக்கும் விசா நேர்காணல் மார்ச்சில்தான் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் பிரசவ லீவுக்குச் சம்பளமே கிடையாது, கம்பெனி மனசு வைத்தால்தான் உண்டு என்கிறார்கள். நம் ஊரிலேயே 26 வாரம் சம்பளத்தோடு கொடுக்கிறார்கள். அவ்வளவு பெரிய நாட்டில் இப்படியா? பேசாமல் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு என்று சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

14 செப்டம்பர் 2025

சார், வேலையை விடச் சொல்லாதீர்கள். முதலில் மகளை அவருடைய பே ஸ்லிப்பை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிடித்தங்கள் இருக்கும் பத்தியில், மத்திய வரி, மாநில வரி எல்லாம் தாண்டிக் கீழே எஃப்.எல்.ஐ. என்று ஒரு வரி இருக்கும். சின்னத் தொகைதான். அதுதான் குடும்ப விடுப்புக் காப்பீடு. உங்கள் மகள் அங்கே வேலை பார்த்த ஒவ்வொரு சம்பளத்திலும் அதற்குப் பணம் கட்டியிருக்கிறார். பிள்ளை பிறந்தால் 12 வாரம் அந்த நிதியிலிருந்து மாநிலம் பணம் தரும். சம்பளத்தில் 85 சதவீதம்.

கம்பெனி மனசு வைக்க வேண்டியதே இல்லை. அது கம்பெனிப் பணமும் இல்லை.

நீங்கள் கேள்விப்பட்டதும் பொய் இல்லை. மத்திய அரசின் சட்டம் 1993ல் வந்தது. அது 12 வாரம் லீவு தரும், சம்பளம் தராது. அதுவும் 50 பேராவது வேலை செய்யும் இடத்தில், ஒரு வருடம் முடித்து, 1,250 மணி நேரம் உழைத்திருந்தால்தான். நாடு முழுக்கத் தனியாருக்குச் சம்பளத்தோடு லீவு தரும் சட்டம் இன்றுவரை இல்லை. மாநிலங்கள் தனித்தனியாகப் போட்டுக்கொண்ட சட்டங்கள்தான் உண்டு. மகள் இருக்கும் மாநிலம் அப்படி முதலில் போட்டவற்றில் ஒன்று.

14 செப்டம்பர் 2025, இரவு

மேலே 85 சதவீதம் என்று எழுதிவிட்டு மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கு உச்சவரம்பு உண்டு. இந்த வருடம் வாரத்துக்கு 1,081 டாலர், அதற்கு மேல் போகாது. வாரம் 1,000 டாலர் சம்பாதிப்பவருக்கு 850 கிடைக்கும், அது நிஜமான 85 சதவீதம். சாப்ட்வேர் சம்பளத்தில் வாரம் 2,500 வாங்குபவருக்கும் 1,081தான், பாதிகூட இல்லை. போதாக்குறைக்கு அந்தப் பணத்துக்கு மத்திய வருமான வரியும் உண்டு. மகளும் மாப்பிள்ளையும் வாடகை, கார் தவணை எல்லாவற்றையும் இப்போதே கணக்குப் போட்டு வைக்கட்டும்.

16 செப்டம்பர் 2025

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்றால், இரண்டு பிரசவத்தையும் இரண்டு மாநிலத்தில் பார்த்தவள் நான்.

மூத்தவன் 2013ல் ஹூஸ்டனில் பிறந்தான். டெக்சாஸில் இப்படி ஒரு நிதி அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நான் இருந்த கம்பெனியில் இருபது பேர்தான். 50 பேர் இல்லாததால் மத்திய சட்டமும் எட்டவில்லை. சேர்த்து வைத்திருந்த லீவு இரண்டு வாரம், கெஞ்சி வாங்கிய சம்பளமில்லா லீவு மூன்று வாரம். ஆறாவது வாரம் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். சிசேரியன் தையல் காருக்குள் சீட் பெல்ட் பட்டாலே சுரீரென்றது. அம்மா ஆறு மாத விசாவில் வந்திருந்ததால் தப்பித்தேன். பிள்ளையை அவள் மடியில் போட்டுவிட்டு, ஆபீஸ் கழிப்பறையில் பால் பீய்ச்சிக்கொண்டிருந்தேன்.

அன்று எனக்குத் தோன்றவே இல்லை, இதற்கு ஒரு சட்டம் இருக்கலாம் என்று. நம் வீடுகளில் சட்டத்தின் இடத்தில் அம்மா இருந்தாள். அமெரிக்காவில் இருக்கும் முக்கால்வாசித் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிரசவ லீவுச் சட்டம் என்பது ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வரும் ஒரு அம்மாதான். அம்மா வர முடியாதபோதுதான் மாநிலம் என்ன தருகிறது என்று கேட்கிறோம். நீங்களும் அப்படித்தான் கேட்டிருக்கிறீர்கள், சார்.

16 செப்டம்பர் 2025, சற்று நேரம் கழித்து

இளையவளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 2021 ஜூன், நியூ ஜெர்சி. அம்மாவிடம் பழைய விசா செல்லுபடியாகத்தான் இருந்தது. மே 12க்கு டிக்கெட். மே 4லிருந்து இந்தியாவிலிருந்து வருபவர்களுக்குக் கொரோனா தடை போட்டுவிட்டார்கள். சுக்கு, திப்பிலி, பிரசவ லேகியம் எல்லாம் அடைத்த பெட்டி திருநெல்வேலி வீட்டு ஹாலிலேயே நின்றது.

அந்த முறை மாநிலம்தான் எங்களுக்குத் துணை. பிரசவத்துக்குப் பின் உடம்பு தேறும் வாரங்களுக்குத் தற்காலிக இயலாமைக் காப்பீடு என்று தனியாக ஒன்று உண்டு. தேதிக்கு முன் 4 வாரம்வரை, பின் சுகப்பிரசவத்துக்கு 6 வாரம், சிசேரியனுக்கு 8 வாரம். அது முடிந்த பிறகுதான் குழந்தையோடு இருப்பதற்கான 12 வாரம் தொடங்கும். முந்தாநாள் நான் 12 மட்டும் சொன்னேன். இரண்டையும் சேர்த்தால் உங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்தபின் 18லிருந்து 20 வாரம் வரும்.

தபாலில் ஒரு டெபிட் கார்டு வந்தது. அதில் வாரம் 903 டாலர் ஏறும், அந்த வருடத்து உச்சவரம்பு அது. என் சம்பளத்தில் பாதிகூட இல்லை. ஆனாலும் அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு போய்க் குழந்தைக்கு டயப்பர் வாங்கியபோது, எட்டு வருடத்துக்கு முன் சீட் பெல்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கார் ஓட்டினது ஞாபகம் வந்து கடையிலேயே அழுதேன்.

19 செப்டம்பர் 2025

விசா பற்றித் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கேயே எழுதுகிறேன். ஹெச்-1பி விசாவில் இருப்பவர் சம்பளத்திலும் இந்தப் பிடித்தம் உண்டு, அவருக்கும் பணம் உண்டு. பிரசவம், வீட்டில் நோயாளி என்று ஊழியர் தானே கேட்டு எடுக்கும் லீவில் கம்பெனி சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்று ஹெச்-1பி விதியிலேயே எழுதியிருக்கிறது. வேலை உறவு தொடர்கிறது, ஆகவே லீவு எடுத்ததாலேயே விசா போய்விடாது. நம் பிள்ளைகள் பலர் இந்தப் பயத்திலேயே வாயைத் திறப்பதில்லை. இது இலவச உதவித்தொகை இல்லை, பிரீமியம் கட்டிய காப்பீடு.

ஹெச்-4ல், அதாவது ஹெச்-1பி ஊழியரின் துணைவருக்கான விசாவில், இருந்து வேலைக்குப் போகாதவருக்கு இது கிடையாது. சம்பளம் இருந்தால்தானே பிடித்தம். ஆனால் அவர் கணவருக்கு உண்டு, 12 வாரம், முழுதாக. அதைத்தான் யாரும் எடுப்பதில்லை.

தகுதி: இந்த வருடம் மனுச் செய்பவருக்கு, கணக்கில் எடுக்கும் ஒரு வருட காலத்தில் வாரம் 303 டாலராவது சம்பாதித்த 20 வாரங்கள் இருக்க வேண்டும், அல்லது மொத்தம் 15,200 டாலர். லீவு தொடங்கி 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். கம்பெனி மாநில நிதிக்குப் பதில் அனுமதி பெற்ற தனியார் திட்டம் வைத்திருந்தால் மனு அங்கே போகும். ஹெச்.ஆரிடம் இந்த ஒரு கேள்வியை இப்போதே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

27 செப்டம்பர் 2025

ஒரு பெரிய திருத்தம். 14ஆம் தேதி "கம்பெனி மனசு வைக்க வேண்டியதே இல்லை" என்று எழுதினேன். பணத்துக்கு அது சரி. வேலைக்குச் சரியில்லை.

என் தோழி ஒருத்தி பல் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தாள். எல்லாரும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். 2022ல் குழந்தை பிறந்தது, 12 வாரமும் எடுத்தாள், மாநிலம் தவறாமல் பணம் அனுப்பியது. திரும்பிப் போனால் அவள் நாற்காலியில் வேறொரு பெண். "ஆள் போட்டுவிட்டோம்" என்றார்கள்.

நியூ ஜெர்சியில் பணம் ஒரு சட்டம், வேலை இன்னொரு சட்டம். பணம் தரும் காப்பீட்டுக்கு ஒரே ஒரு ஊழியர் இருக்கும் கடைகூட உட்பட்டது. வேலையைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லும் மாநிலச் சட்டம் 2025 நிலவரப்படி 30 பேர் இருந்தால்தான் வரும். 2019க்கு முன் அதுவும் 50ஆக இருந்தது. லீவு எடுத்ததற்காகப் பழிவாங்கக் கூடாது என்று 2019 திருத்தம் சொல்கிறது. ஆனால் சிறு இடத்தில் அதே வேலைக்குத் திரும்பும் உரிமையை அது புதிதாக உண்டாக்கவில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை இந்தச் சட்டத்தில் வேறில்லை என்பது என் கருத்து. பிடித்தம் மட்டும் எல்லாரிடமும். பெட்ரோல் பங்கில் நிற்பவர், மோட்டலில் படுக்கை விரிப்பவர், மளிகைக் கடையில் கல்லாவில் இருப்பவர், எல்லாரும் கட்டுகிறார்கள். லீவு எடுத்தால் வேலை போகுமோ என்று பயப்பட வேண்டியவர்களும் அவர்களேதான். ரோட் ஐலண்ட் 2014ல் தன் திட்டத்தைத் தொடங்கியபோதே பணத்தோடு வேலைப் பாதுகாப்பையும் ஒரே சட்டத்தில் கட்டிக் கொடுத்தது. நியூயார்க்கும் மாசசூசெட்ஸும் அப்படியே செய்தன. கலிபோர்னியா 2021லிருந்து 5 பேர் இருக்கும் இடம்வரை பாதுகாப்பைக் கீழே இறக்கிவிட்டது. நாம் 2025லும் 30ல்தான் நிற்கிறோம். என் தொகுதி உறுப்பினருக்கு இரண்டு முறை இதைப் பற்றி எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

உங்கள் மகள் இருப்பது பெரிய கம்பெனி என்றீர்கள், அவருக்கு இந்தப் பயம் வேண்டாம்.

28 செப்டம்பர் 2025

26 வாரம் பற்றிச் சொன்னீர்களே, அதற்குப் பதில் சொல்லவே இல்லை நான். நம் ஊர் மகப்பேறு சட்டத்தில் வந்த 2017 திருத்தம் உண்மையிலேயே பெரிய காரியம். முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம், முழுச் சம்பளம். ஆனால் அந்த 26 வாரத்துக்கும் யார் பணம் தருகிறார்கள்? இ.எஸ்.ஐ.க்குள் வராத இடங்களில் முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டும். திருப்பூரிலோ கோவையிலோ பதினைந்து பேர் வைத்திருக்கும் ஒரு முதலாளி, புதிதாகக் கல்யாணமான பெண்ணை நேர்காணலில் பார்க்கும்போது மனதுக்குள் என்ன கணக்குப் போடுவார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "அடுத்து என்ன பிளான் மா?" என்று என் தங்கையிடம் கேட்டார்கள்.

இங்கே நாள் குறைவு, தொகை குறைவு. ஆனால் சுமை ஒரு முதலாளி தலையில் விழுவதில்லை. லட்சக்கணக்கானவர்கள் சம்பளத்திலிருந்து சில்லறை சில்லறையாகச் சேர்ந்த பொது உண்டியலிலிருந்து வருகிறது. ஆணும் கட்டுகிறார், ஆணும் எடுக்கலாம். பெண்ணை வேலைக்கு எடுப்பது நஷ்டம் என்ற கணக்கே அடிபட்டுப் போகிறது. நம் ஊரின் 26 வாரமும் இந்த ஊரின் உண்டியலும் ஒன்று சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

5 அக்டோபர் 2025

பிடித்தம் ஏறிவிட்டது என்று ஒருவர் கீழே கோபப்பட்டிருந்தார். அவர் சொல்லும் ஏற்றம் நிஜம். 2023ல் 0.06 சதவீதம், 2024ல் 0.09, இந்த வருடம் 0.33. நிதியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எவ்வளவு பேர் எடுத்தார்கள் என்று பார்த்து வருடா வருடம் நிர்ணயிக்கிறார்கள். நல்ல சம்பளக்காரருக்குப் போன வருடம் அதிகபட்சம் 145 டாலர் போனது, இந்த வருடம் 545 டாலர் 82 சென்ட் போகும். முழு வருடப் பிடித்தமும் ஒரே ஒரு வார விடுப்புத் தொகையில் பாதிதான், ஐயா. கையில் குழந்தை இல்லாத வருடத்தில் கட்டுவது உறுத்தத்தான் செய்யும். உங்களுக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள் அல்லவா? அவர்களுக்கு முடியாமல் போனாலும் இதே உண்டியல்தான்.

6 அக்டோபர் 2025

நேற்று எழுதிய கடைசி வரியிலிருந்து தொடர்கிறேன். பலர் இதைப் பிரசவ லீவு என்றே நினைத்திருக்கிறார்கள். வீட்டில் ஒருவர் கடும் நோயில் இருந்தால் பார்த்துக்கொள்ளவும் இதே 12 வாரம் உண்டு.

இதில் "வீட்டில் ஒருவர்" என்றால் யார் என்பதுதான் விஷயம். மத்திய சட்டத்தில் பெற்றோர் உண்டு, மாமனார் மாமியார் கிடையாது! கூடப்பிறந்தவர்களும் கிடையாது. சட்டம் எழுதியவர்கள் கண்ணில் கணவன், மனைவி, குழந்தை, பெற்றோர், அவ்வளவுதான் குடும்பம். கலிபோர்னியா 2014ல்தான் மாமனார் மாமியாரையும், தாத்தா பாட்டியையும், பேரப்பிள்ளைகளையும், உடன்பிறந்தவர்களையும் உள்ளே சேர்த்தது. நியூ ஜெர்சி 2019 திருத்தத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், இரத்த உறவு இல்லாவிட்டாலும் குடும்பத்தைப்போல் நெருங்கியவர் யாராயினும் சரி என்றது. 6 வாரத்தை 12 ஆக்கியதும் அதே திருத்தம்தான். 2020 ஜூலையிலிருந்து நடைமுறை.

என் மாமியாருக்குப் போன வருடம் இடுப்பு எலும்பு முறிந்தது, எங்களோடுதான் இருக்கிறார். வாரம் இரண்டு நாள் லீவு, மூன்று நாள் வேலை என்று பிரித்து எடுத்தேன். அப்படிப் பிரித்து எடுத்தால் வருடத்துக்கு 56 நாள். டாக்டர் சான்றிதழில் உறவு என்ற இடத்தில் "மாமியார்" என்பதற்கான சொல்லை எழுதியபோது அந்தப் பெண் டாக்டர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

12 அக்டோபர் 2025

இரண்டு மூன்று பேர் கேட்டதால் கொஞ்சம் பழைய கதை.

கலிபோர்னியாதான் முதல். 2004 சட்டம் என்று சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். சட்டம் நிறைவேறியது 2002ல், ஆளுநர் கிரே டேவிஸ் கையெழுத்து. பணம் தரத் தொடங்கியது 2004 ஜூலையில். அடுத்து நியூ ஜெர்சி, 2008ல் சட்டம், 2009ல் பணம்.

ஏன் இவர்கள் முதலில்? கையில் ஏற்கெனவே உண்டியல் இருந்தது. ரோட் ஐலண்ட் 1942லும், கலிபோர்னியா 1946லும், நியூ ஜெர்சி 1948லும், நியூயார்க் 1949லும் உடம்பு முடியாத தொழிலாளிக்கான காப்பீட்டைத் தொடங்கிவிட்டன. அதன் மேல் இன்னொரு மாடி கட்டினார்கள், அவ்வளவுதான். அடித்தளம் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு வாஷிங்டன் மாநிலத்தைப் பாருங்கள். 2007லேயே சட்டம் போட்டார்கள், பணம் எங்கிருந்து வரும் என்று எழுதவில்லை. அந்தச் சட்டம் தொடங்கவே இல்லை. 2017ல் பிரீமியத்தோடு புதுச் சட்டம் போட்டு, 2020ல்தான் முதல் தொகை போய்ச் சேர்ந்தது. மேரிலாந்து 2022ல் போட்ட சட்டம் தள்ளித் தள்ளி 2028 ஜனவரிக்குப் போயிருக்கிறது. கொலராடோவில் சட்டமன்றத்தால் முடியாததை 2020ல் மக்களே வாக்குப் போட்டு நிறைவேற்றினார்கள்.

இன்னொன்று. அந்த 1946 கலிபோர்னியா நிதியில் பிரசவத்துக்கு இடமில்லை. பெண்கள் வழக்குப் போட்டார்கள். அதில் அரசியல் சட்ட மீறல் எதுவும் இல்லை என்று 1974ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. கை ஒடிந்தால் பணம் உண்டு, பிள்ளை பெற்றால் கிடையாது. ஐம்பது வருடம்தான் ஆகிறது.

9 நவம்பர் 2025

மாப்பிள்ளை லீவு எடுக்கத் தயங்குகிறார், புராஜெக்ட் நடுவில் இருக்கிறது, "ஆம்பளை எதுக்கு மூணு மாசம்" என்று டீமில் பேசுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு மூத்த மகள் மாதிரி உரிமையோடு சொல்கிறேன். எடுக்கச் சொல்லுங்கள்.

என் கணவர் 2021ல் பிரித்து எடுத்தார். பிரசவத்தோடு 6 வாரம், நான் வேலைக்குத் திரும்பிய அன்றிலிருந்து 6 வாரம். முதல் ஆறு வாரத்தில் அம்மா வீடியோவில் சொல்லச் சொல்லப் பூண்டுக் குழம்பு வைத்தார். நல்லெண்ணெய் காய்ந்ததும் பூண்டு பொன்னிறமாக வதங்கும்வரை அம்மா திரைக்குள்ளிருந்து "இன்னும், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வைத்தவரும் அவர்தான். மூத்தவனுக்கு அவர் கைக்குப் பழக ஒரு வருடம் ஆனது. இளையவள் முதல் மாதத்திலேயே அவர் குரலுக்குத் திரும்பினாள்.

முதலாளிகளுக்கு நஷ்டம் என்பதும் அனுபவத்தில் நிற்கவில்லை. 2011ல் வந்த கலிபோர்னியா ஆய்வில் பத்தில் ஒன்பது நிறுவனங்கள்போல் "பாதிப்பு இல்லை, அல்லது நல்லதுதான்" என்று சொல்லியிருக்கின்றன.

11 நவம்பர் 2025

ஒரு பக்கம் மட்டும் சொல்லக் கூடாது என்று தோன்றுகிறது. அதே கலிபோர்னியாவைப் பற்றி 2019ல் வரித் தரவுகளை வைத்து வந்த ஆய்வு, தலைப்பிள்ளைக்கு லீவு எடுத்த தாய்மார்களின் வேலையும் வருமானமும் நீண்ட காலத்தில் குறைந்தது என்றது. முதல் முறை படித்தபோது கஷ்டமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், லீவை அம்மா மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும்? வீட்டுக்கு ஒரு ஆள்தான் பொறுப்பு என்று ஆகிவிட்டால், லீவு முடிந்தும் அந்தப் பொறுப்பு முடிவதில்லை. அந்த ஆய்வு சட்டத்துக்கு எதிரானது என்று நான் நினைக்கவில்லை. மாப்பிள்ளை எடுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு அது இன்னொரு காரணம்.

2 டிசம்பர் 2025

பெண் குழந்தையா! நவம்பர் 27, நன்றி நாள் விடுமுறையன்றே பிறந்திருக்கிறாள். சிசேரியன் என்பதால் இயலாமைக் காப்பீடு 8 வாரம். அதன் கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். குடும்ப விடுப்புக்கு அதன் பிறகு மனு. முதல் சில வாரம் மகளைக் கனமாக எதையும் தூக்க விடாதீர்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள், கார் சீட்டோடு குழந்தை நல்ல கனம் இருக்கும்.

4 ஜனவரி 2026

மினசோட்டாவிலும் டெலவேரிலும் இந்த 1ஆம் தேதி திட்டம் தொடங்கிவிட்டது. மெய்ன் மாநிலத்தில் மே மாதம். மினியாபொலிஸில் இருக்கும் என் சித்தி மகளுக்கு பிப்ரவரியில் பிரசவம். இந்தத் திட்டம் வராமல் இருந்திருந்தால் அவளும் என்னைப்போல ஹூஸ்டன் கணக்குத்தான் போட்டிருக்க வேண்டும்.

18 ஜனவரி 2026

சார், உங்கள் கடிதம் பார்த்தேன். மகள் வேலைக்குத் திரும்பும் அன்றிலிருந்து மாப்பிள்ளை ஆறு வாரம் எடுக்கிறாராம், மானேஜரிடம் சொல்லியும் ஆகிவிட்டதாம். பூண்டுக் குழம்புக்கு அளவு கேட்டிருக்கிறார். உரித்த பூண்டு முழுசாக இரண்டு கைப்பிடி, சின்ன வெங்காயம் அதில் பாதி, புளி எலுமிச்சை அளவு, காரம் குறைவாக. நல்லெண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். மார்ச் நேர்காணல் முடிந்ததும் எழுதுங்கள்.